கடல் தாண்டி ஒரு கேரவன் வீடு

இங்கிலாந்தின் தென்கரையை ஒட்டி, மூக்குத்திக் கல்லைப் போல நாலு மூலையோடு ஒரு தீவு கிடக்கிறது. ஐல் ஆஃப் வைட் என்று பெயர். கிழக்கு மேற்காக 37 கிலோமீட்டர், வடக்கு தெற்காக 21 கிலோமீட்டர், அவ்வளவுதான். பெரிய ஊர் போர்ட்ஸ்மத்தின் கடற்கரையில் நின்றால் எதிரே தெரியும். ஆனாலும் காரில் ஏறி நேராகப் போய்விட முடியாது. பாலமும் இல்லை, சுரங்கப்பாதையும் இல்லை. காரோடு கப்பலில் ஏறித்தான் ஆகவேண்டும்.

"ஏத்தா, பாம்பன்ல நம்மாளுக பாலம் போட்டுட்டாய்ங்கள்ல? இம்புட்டுப் பெரிய வெள்ளைக்காரன் ஒரு பாலம் போடலையாக்கும்?" என்று கேட்டார் என் மாமியார். ராமேஸ்வரத்துக்கு ரயிலை விட்டால் வழியில்லாதிருந்த காலத்தில் போய் வந்தவர் அவர். 1988-ல் சாலைப் பாலம் திறந்த பிறகு பஸ்ஸிலும் போயிருக்கிறார். அதனால் அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. தீவுக்காரர்கள் பலருக்கே பாலம் வருவதில் இஷ்டமில்லையாம். வந்தால் ஊரின் அமைதி போய்விடும் என்கிறார்கள்.

எங்கள் வீடு லண்டனுக்கு மேற்கே ரெடிங்கில். கணவர், நான், எட்டு வயதுப் பெரியவள், நாலு வயதுச் சின்னவன். சென்ற ஆண்டு (2025) மார்ச்சில் மதுரைப் பக்கத்திலிருந்து அத்தையும் ஆறு மாத விசாவில் வந்து சேர்ந்தார். மாமா காலமான பிறகு அவர் செய்த முதல் பயணம் அது. வந்த புதிதில் எல்லாம் புதுமையாக இருந்தது. ஒரு மாதம் ஆனதும் அத்தை ஜன்னலோரத்தில் உட்கார ஆரம்பித்துவிட்டார். காலையில் நாங்கள் ஆளுக்கொரு பக்கம் ஓடினால், சாயங்காலம் வரை அவரும் தொலைக்காட்சியும்தான். தெருவில் பேச ஆளில்லை. ஒருநாள், "டிக்கெட்டை முன்னாடி மாத்தலாமாத்தா?" என்று மெதுவாகக் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது.

வெளிநாட்டிலிருக்கும் மகன், மகள் வீட்டுக்குப் போய் வந்த தாய்மார்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். அந்த ஜன்னல் உங்களுக்குத் தெரியாததா என்ன!

மே மாதக் கடைசி வாரம் பள்ளி விடுமுறை. எங்கள் நண்பர்கள், "சர்க்கரைக்கு ஊசி போடுகிறவர், முழங்கால் வலி வேறு, அவரைத் தீவுக்கா கூட்டிப் போகிறீர்கள்? எங்கள் வீட்டில் விட்டுப் போங்கள்" என்றார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். ஆனால் ஊரிலிருந்து வந்தவரை இன்னொருவர் வீட்டு ஜன்னலுக்கு மாற்ற எனக்கு மனம் வரவில்லை. அவரும் வரட்டும், அதற்கு என்னென்ன வேண்டுமோ பார்த்துச் செய்வோம் என்று உட்கார்ந்து திட்டம் போட்டோம்.

கேரவனில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, காருக்குப் பின்னால் கொக்கி போட்டு இழுத்துப் போவது. இன்னொன்று, முகாம் மைதானத்திலேயே நிரந்தரமாக நிறுத்தி வைத்திருக்கும் நீளமான தகர வீடு. சக்கரம் இருக்கும், ஆனால் நகராது. இழுத்துப் போவதில் என் கணவருக்குக் கொள்ளை ஆசை. 1997-க்குப் பிறகு லைசென்ஸ் எடுத்தவர்களும் தனிப் பரீட்சை இல்லாமல் 3500 கிலோ வரை இழுக்கலாம் என்று 2021 டிசம்பரில் சட்டத்தை மாற்றிவிட்டார்கள். சட்டம் விட்டால் போதுமா? அகலக் கண்ணாடி பொருத்த வேண்டும், கொக்கியில் இறங்கும் பாரம் பார்க்க வேண்டும், நெடுஞ்சாலையில் மணிக்கு 60 மைலுக்கு மேல் போகக்கூடாது, வலதுகோடித் தடத்தில் ஏறக்கூடாது. ஃபெர்ரிக்காரர்கள் வண்டியின் நீளத்தை வைத்துக் கட்டணம் போடுவதால் காசும் கூடும். கப்பலில் ஏறுமுன் காஸ் சிலிண்டரை மூடிவிட வேண்டும். போய்ச் சேர்ந்த பிறகு 40 லிட்டர் உருளைப் பீப்பாயில் தண்ணீர் உருட்டிவர வேண்டும். கழிவறைப் பெட்டியைக் கொண்டுபோய்க் கொட்டுவதும் நம் வேலைதான். விடுமுறை யாருக்கு என்று பாருங்கள்! முதல் தடவை போகிறவர்கள், அதிலும் பெரியவர்களை அழைத்துப் போகிறவர்கள், நிற்கும் கேரவனைப் பிடிப்பதே உத்தமம். நான் சொன்னதே வீட்டில் செல்லுபடி ஆயிற்று.

தேதி விஷயத்தில் நமக்குச் சுதந்திரம் கிடையாது. இங்கே பள்ளிக்கு மட்டம் போட்டால் சும்மா விடமாட்டார்கள். அனுமதியில்லாமல் ஐந்து நாள் போனால், 2024 ஆகஸ்ட் முதல் ஒரு பிள்ளைக்குத் தாய் தந்தை ஒவ்வொருவருக்கும் 80 பவுன் அபராதம் என்று ஆக்கியிருக்கிறார்கள். விடுமுறை வாரத்தில் விலை ஏறத்தான் செய்யும். அதைச் சமாளிக்க ஒரு வழி உண்டு. கேரவன் முகாம்கள் பலவும் ஃபெர்ரி டிக்கெட்டையும் சேர்த்தே விற்கின்றன. தனித்தனியாக எடுத்துக் கூட்டிப் பாருங்கள், சேர்த்தும் கேட்டுப் பாருங்கள். எங்களுக்குச் சேர்த்து எடுத்ததில்தான் லாபம். அதிகாலையிலும் பின்னிரவிலும் போகும் கப்பல்களில் கட்டணம் குறைவு. ஆனால் அத்தையையும் சின்னவனையும் வைத்துக்கொண்டு விடியற்காலம் மூன்று மணிக்கு எழுவது எந்தக் கணக்கிலும் லாபமாக எனக்குப் படவில்லை. காலை 11 மணிக் கப்பலில் எடுத்தோம்.

படத்தைப் பார்த்துப் பதிவு செய்துவிடாமல் முகாமுக்கு ஃபோன் போட்டுப் பேசினேன். வாசலில் எத்தனை படி? கைப்பிடி உண்டா? குளியலறையில் தொட்டி ஏறிக் குளிக்கணுமா, தரையோடு தரையாக ஷவரா? கட்டில் எவ்வளவு உயரம்? ஒரு பக்கம் சுவரோடு ஒட்டியிருக்கிறதா? ராத்திரி ஹீட்டர் படுக்கையறைக்கும் வருமா, கூடத்துக்கு மட்டுமா? போர்வை, தலையணை உறை அவர்கள் தருவார்களா? அந்தப் பெண் பொறுமையாகப் பதில் சொன்னாள். கேரவன் வாசலில் சாதாரணமாக மூணு நாலு படி செங்குத்தாக இருக்கும், முழங்கால்காரர்களுக்கு அது ஆகாது. "சாய்தளம் வைத்த வீடு ஒன்று இருக்கிறது, விலை ஒன்றுதான்" என்றாள். கேட்டால்தானே கிடைக்கிறது!

மருந்துப் பை என் பொறுப்பு. ஊசி மருந்தைப் பெட்டிகளோடு சேர்த்துக் காரின் பின்பக்கம் வைக்கவே இல்லை, கைப்பையில் வைத்தேன். கப்பல் ஓடும்போது யாரும் வண்டித்தளத்தில் இருக்கக்கூடாது, கீழே பூட்டிவிடுவார்கள். பிரிக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக் குளிரில் இருக்க வேண்டும். கேரவன் ஃப்ரிஜ்ஜில் ஐஸ் பெட்டிக்கு அருகில் வைத்தால் உறைந்துவிடும், உறைந்த மருந்து உதவாது. உபயோகத்திலிருக்கும் பேனா வெளியிலேயே இருக்கலாம். அநேகமாக நாலு வாரம் தாங்கும், எத்தனை நாள் என்று அதன் பெட்டியிலேயே போட்டிருக்கிறது.

இன்னொரு விஷயம், நம் ஊர்த் தாய்மார்கள் அவசியம் குறித்துக்கொள்ள வேண்டியது. சர்க்கரை பார்க்கும் மீட்டரில் நம் ஊர்க் கணக்கு வேறு, இங்கே கணக்கு வேறு. நம் 72-ஐ இவர்கள் 4 என்பார்கள், நம் 180 இவர்களுக்கு 10. நம் எண்ணை 18-ஆல் வகுத்தால் இவர்கள் எண். அவசரத்துக்கு 111-க்கு ஃபோன் செய்து நர்ஸிடம் "58" என்று சொன்னால் அவள் என்னத்தைப் புரிந்துகொள்வாள்? ஓர் அட்டையில் இந்தக் கணக்கை எழுதி மீட்டர் உறையிலேயே செருகிவிட்டேன். மருந்துகளின் பெயர்ப் பட்டியல், மதுரை டாக்டரின் கடிதம், பயண இன்ஷூரன்ஸ் தாளின் நகல் எல்லாம் அதே பையில். இங்கிலாந்தில் அவசரப் பிரிவில் பார்ப்பதற்கு விருந்தாளியிடம் காசு வாங்குவதில்லை. வார்டில் சேர்த்துவிட்டால் பில் வரும், அதுவும் தாங்க முடியாத பில். இன்ஷூரன்ஸ் இல்லாமல் பெற்றோரை அழைத்து வருவது சரியில்லை என்பது என் அபிப்பிராயம். தீவில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்று, நடுவே நியூபோர்ட் ஊரில், செயின்ட் மேரீஸ். நாங்கள் தங்கின இடத்திலிருந்து அரை மணிக்குள் போய்விடலாம் என்று பார்த்து வைத்த பிறகுதான் என் கணவருக்குத் தூக்கம் வந்தது.

சாப்பாடு? கேரவனில் காஸ் அடுப்பு, சின்ன ஓவன், ஃப்ரிஜ் எல்லாம் உண்டு. தோசை மாவை முதல்நாள் அரைத்து, பெரிய எவர்சில்வர் தூக்கில் பாதி மட்டும் ஊற்றி எடுத்தேன். மீதிப் பாதி பொங்குவதற்கு. புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, தக்காளித் தொக்கு, அத்தைக்குக் கோதுமை ரவை. மிக்ஸியை எடுக்கவில்லை. தகரச் சுவர், விடிகாலையில் சட்னி அரைத்தால் பக்கத்துக் கேரவன்காரர் எழுந்துவிடுவார்.

கிளம்புகிற அன்று போர்ட்ஸ்மத்தில் ஒரே மூடுபனி! எதிர்க்கரை மட்டுமல்ல, 170 மீட்டர் உயர ஸ்பின்னேக்கர் கோபுரமே பாதிக்கு மேல் காணவில்லை. கப்பல் தாமதம் என்றார்கள். எவ்வளவு என்று சொல்ல அவர்களாலும் முடியவில்லை. கார்கள் வரிசை வரிசையாக நின்றன. பன்னிரண்டாயிற்று, பன்னிரண்டரை ஆயிற்று. கப்பலில் இறங்கி, போய்ச் சேர்ந்து, சூடாகச் சாப்பிடலாம் என்றுதான் இருந்தோம். அத்தைக்கு மட்டும் தயிர்சாதம் தனி டப்பாவில் என் காலடியில் இருந்தது. எங்கள் வீட்டில் ஒரு சட்டம். தட்டு முன்னால் வந்த பிறகுதான் ஊசி. கடிகாரத்தைப் பார்த்துப் போட்டுவிட்டுச் சோற்றுக்குக் காத்திருப்பது கிடையாது. காரிலேயே டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு ஊசியைப் போட்டு, அத்தை நிதானமாகச் சாப்பிட்டார். பக்கத்துக் காரிலிருந்த வெள்ளைக்காரப் பாட்டி அதைக் கவனித்துவிட்டு, தன் கைப்பையிலிருந்து அதே மாதிரி பேனாவை எடுத்துக் காட்டினாள். இரண்டு பேரும் கண்ணாடிக்கு இரு பக்கமும் சிரித்துக்கொண்டார்கள். பாஷை எதற்கு?

ஒன்றரை மணிக்குப் பனி விலகியது. முகாமில் படிகளைப் பற்றிக் கேட்டது போலவே கப்பல்காரர்களிடமும் முன்கூட்டியே முழங்கால் விஷயத்தைச் சொல்லியிருந்தோம். லிஃப்டுக்குப் பக்கத்திலேயே காரை நிறுத்த வைத்தார்கள். ஏறக்குறைய முக்கால் மணிப் பயணம். இந்தக் கடல், தீவுக்கும் நாட்டுக்கும் நடுவே ஒடுங்கிய கால்வாய் மாதிரி இருப்பதால் பெரிய அலை கிடையாது. குமட்டல் மாத்திரை பிரிக்காமலே திரும்பி வந்தது. நடுக்கடலில் வட்டமாகக் கற்கோட்டைகள் நிற்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரன் வந்துவிடுவான் என்று பயந்து கட்டினார்களாம். பிரெஞ்சுக்காரன் வரவே இல்லை!

கேரவனைப் பார்த்ததும் அத்தை மூக்கில் விரல் வைத்தார். இரண்டு படுக்கையறை, கூடம், அடுப்படி, குளியலறை. எல்லாம் ஒரு ரயில் பெட்டி அகலத்தில். "நம்ம ஊர்ல கல்யாணச் சமையலே செஞ்சிரலாம்த்தா" என்று அலமாரிகளைத் திறந்து திறந்து மூடினார். ராத்திரி குளிர் வந்தது. தரையோரத்தில் இருக்கும் காற்றுத் துவாரம் வழியாகச் சில்லென்று அடிக்கவே, அத்தை தன் பழைய சுங்கடிப் புடவையைச் சுருட்டி அதில் அடைக்கப் போனார். நல்லவேளை, நான் பார்த்துத் தடுத்தேன். அந்தத் துவாரம் உயிர் காக்கும் துவாரம். காஸ் சரியாக எரியாவிட்டால் வரும் கார்பன் மோனாக்சைடு விஷவாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் என்றுதான் ஆரம்பிக்கும், தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். எந்தக் கேரவனுக்குள் போனாலும் முதலில் அதற்கான அலாரம் இருக்கிறதா என்று பார்த்து, பொத்தானை அமுக்கிச் சத்தம் கேட்ட பிறகு பெட்டியைப் பிரியுங்கள். கரி அடுப்பை, தணல் ஆறிவிட்டது போலத் தெரிந்தாலும், உள்ளே எடுத்து வரவே கூடாது. குளிருக்காகச் சமையல் அடுப்பை எரிய விடவும் கூடாது. அத்தைக்கு இன்னொரு கம்பளியும் வெந்நீர்ப் பையும் கொடுத்தேன். சுங்கடி தப்பியது.

நாங்கள் இருந்தது கிழக்குக் கரையில், சாண்டவுன் பக்கம். நல்ல மணல். மே மாதத் தண்ணீரில் கால் வைத்தால் விறைத்துவிடும். பிள்ளைகளுக்கு அது உறைக்கவா செய்கிறது? கடல் ஏற்ற இறக்க அட்டவணையை முகாம் அலுவலகத்தில் ஒட்டியிருப்பார்கள். அதைப் பார்க்காமல் சில இடங்களுக்குப் போனால் மணலே இருக்காது. சூரியன் இரவு ஒன்பது மணிக்குத்தான் அடங்குகிறது, சின்னவனைத் தூங்க வைக்கக் கறுப்புத் துணி ஒன்று கொண்டுபோய் ஜன்னலில் கட்டினேன்.

மூன்றாம் நாள் ஆஸ்போர்ன் மாளிகை. விக்டோரியா ராணி 1845-ல் வாங்கி, கணவரோடு வாழ்ந்து, 1901 ஜனவரி 22-ல் கண்ணை மூடிய வீடு. அதற்குள்ளே தர்பார் மண்டபம் என்று ஒன்று இருக்கிறது பாருங்கள், லாகூரில் பயின்ற பாய் ராம் சிங் என்ற சிற்பி வகுத்துக் கொடுத்து 1890-களின் தொடக்கத்தில் முடிந்தது. கூரையும் சுவரும் வெள்ளை வெளேரென்று பூவேலை, கணப்புக்கு மேலே தோகை விரித்த மயில். "மீனாச்சி கோயில்ல கல்லுல செஞ்சத இங்கிட்டுச் சாந்துல செஞ்சு வச்சிருக்கான்" என்று அத்தை தீர்ப்புச் சொன்னார். வெளித் தாழ்வாரத்தில் இந்தியக் கைவினைஞர்களின் ஓவியங்கள், ஒவ்வொன்றாக நின்று பார்த்தார். இந்துஸ்தானி சொல்லிக் கொடுத்த அப்துல் கரீமின் படமும் அங்கே உண்டு. வயதான ராணி, நம் நாட்டுக்கு ஒரு தடவையும் வராமலே நம் நாட்டுப் பாஷையைப் படித்திருக்கிறாள்.

பிறகு தோட்டம். ராணியின் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு காய்கறிப் பாத்தி, பெயர் எழுத்துப் போட்ட சின்னத் தள்ளுவண்டி. விளைந்ததை அப்பா சந்தை விலைக்கு வாங்கிக்கொள்வாராம். பெரியவள் அந்த வண்டிகளை விட்டு நகரவில்லை. அத்தைக்கும் உற்சாகம், வழக்கத்தைவிட மூன்று மடங்கு நடந்துவிட்டார். பெஞ்சில் உட்கார்ந்தவர் சட்டென்று பேச்சை நிறுத்தினார். கையைத் தொட்டேன், சில்லென்று வேர்த்திருந்தது. விரல் நடுங்கியது. மீட்டரில் 58.

அட்டையைப் பார்க்காமலே தெரிந்தது, 4-க்குக் கீழே. பையில் அதற்கென்றே வைத்திருந்த சின்ன ஆப்பிள் ஜூஸ் பெட்டியைக் குடிக்க வைத்தேன். பதினைந்து நிமிஷம் காத்திருந்து மறுபடி பார்க்க வேண்டும். அந்தப் பதினைந்து நிமிஷம் இருக்கிறதே! சின்னவன் "அப்பத்தா, அப்பத்தா" என்று முந்தானையை இழுத்துக்கொண்டே இருந்தான். என் கணவர் கார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மறுபடி பார்த்தபோது 84. இரண்டு ரொட்டித் துண்டும் கொடுத்தேன், ஜூஸ் தூக்கிவிட்டதை அது கீழே விடாமல் பிடித்துக்கொள்ளும். மயங்கிப்போனவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றக்கூடாது, நேரே 999-தான். இங்கே அதற்கு அவசியம் வரவில்லை. நிறைய நடந்தால் ஊசி போடுகிறவர்களுக்குச் சர்க்கரை இறங்கும், வெளியூர் போனால் நிறைய நடப்பார்கள். அன்றைக்கே மதுரை டாக்டருக்குச் செய்தி அனுப்பினோம். நடக்கிற நாளில் காலை அளவை எவ்வளவு குறைப்பது என்று அவரே சொன்னார். நாமாகக் குறைப்பதும் கூட்டுவதும் வேண்டாம்.

மேற்குக் கோடியில் நீடில்ஸ் என்று கடலுக்குள் மூன்று வெள்ளைச் சுண்ணாம்புப் பாறைகள், முனையில் 1859-ல் கட்டின கலங்கரை விளக்கம். ஊசி மாதிரி இருந்த நாலாவது பாறை 1764 புயலில் விழுந்துவிட்டது. பெயர் மட்டும் விழவில்லை. தீவின் சின்ன ரயிலிலும் போனோம். லண்டன் பாதாள ரயிலில் ஓடிக் களைத்த பெட்டிகளைப் புதுப்பித்து 2021 முதல் ஓட்டுகிறார்கள். பிள்ளைகளுக்கு அதுதான் ஆகப் பெரிய சந்தோஷம்.

எனக்குப் பிடித்தது ஃப்ரெஷ்வாட்டரில் இருக்கும் டிம்போலா என்ற வீடு. ஜூலியா மார்கரெட் கேமரன் வாழ்ந்தது. 1815-ல் கல்கத்தாவில் பிறந்தவர். பிள்ளைகள் வளர்ந்து, 48 வயதில், மகளும் மருமகனும் பொழுதுபோக்காக இருக்கட்டுமே என்று ஒரு காமிராவைக் கொடுத்தார்கள். அம்மாள் கோழிக்கூண்டை ஸ்டூடியோவாக்கி, கரி போடும் கொட்டகையை இருட்டறையாக்கி, உலகம் பேசும் புகைப்படக்காரி ஆகிவிட்டார். டென்னிசன், டார்வின் என்று பெரிய மனிதர்களையும், வீட்டு வேலைக்காரப் பெண்ணையும் உட்கார வைத்துப் படம் எடுத்தார். 1875-ல் கணவரோடு இலங்கைக்குப் போய், அங்கேயும் தோட்டத்துக் கூலியாட்களையும் கிராமத்தாரையும் எடுத்திருக்கிறார். 1879-ல் காலமாகி, பொகவந்தலாவையில் அடக்கம்.

இதை நான் படித்துப் படித்துச் சொல்ல, அத்தை நின்றுவிட்டார். "கண்டிச் சீமையா? எங்க தாத்தாவுக்குப் பெரியப்பா காப்பித் தோட்டத்துக்குப் போனவருதான். திரும்பலை. ஒரு கடுதாசி இல்லை." கொஞ்ச நேரம் கழித்து, "அந்தம்மா எடுத்த படத்துல பேரு போட்டிருக்குமாத்தா?" என்றார்.

கைபேசியில் தேடிக் காட்டினேன். டார்வினுக்குப் பெயர் இருக்கிறது. வேலைக்காரப் பெண் மேரி ஹில்லியருக்குப் பெயர் இருக்கிறது. இலங்கைப் படங்களில் நான் பார்த்தவற்றில் 'களுத்துறை விவசாயிகள்' என்கிற மாதிரித்தான் போட்டிருந்தது. அத்தை கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, படத்தைப் பெரிதாக்கி, ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அவசரப்படுத்தாமல் நாங்கள் வெளியே போய்ப் பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம் வாங்கினோம்.

டிக்கெட் தேதியை மாற்றும் பேச்சு பிறகு எழவில்லை. ஆகஸ்ட் கடைசி வரை இருந்துவிட்டுத்தான் அத்தை ஊருக்குப் போனார். இந்த வருஷம் தன் தங்கையையும் கூட்டி வருகிறாராம். "அந்தச் சாய்தளம் வச்ச தகர வீட்டையே சொல்லி வைத்தா" என்று போன வாரம் ஃபோனில் உத்தரவு. இரண்டு பேருக்கும் ஊசி. ஜூஸ் பெட்டி டஜன் கணக்கில் வாங்க வேண்டும்.